பொதுச் சேனலில் என் கணவர்

என் கணவருக்குக் காது கேட்காமல் போய்க்கொண்டிருந்தது எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. அவருடைய குரலை நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவள் நான். கிள்ளான் பள்ளத்தாக்கின் போலீஸ், பொம்பா என்கிற தீயணைப்புப் படை, ஆம்புலன்ஸ் என்று அத்தனை பேர் காதிலும் ஒரே நொடியில் அது விழுந்தபோதுதான் எனக்கும் தெரிந்தது. இதை நினைத்தால் முதலில் அவர் மேல் கோபம் வரும். பிறகு அந்த ரேடியோ மேல் வரும். கடைசியில் என் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும், எழுந்து போகாது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தொண்டு ஆம்புலன்ஸ் சேவையின் கட்டுப்பாட்டு அறையில் நான் ரேடியோ ஆபரேட்டர். அவர் அதே சேவையின் கிள்ளான் கிளையில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். எங்கள் வீடும் கிள்ளானில்தான். காலையில் கொமுட்டர் ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி நடந்து போய் ஹெட்போனை மாட்டினால், கழற்றும்போது தொண்டை காய்ந்து போயிருக்கும். பேசுவதுதான் என் வேலை. அதைக் கேட்டு வண்டி ஓட்டுவது அவர் வேலை.

ஆனால் ஆரம்பத்தில் நான் பேசியது அவருக்கு அல்ல. அப்போதெல்லாம் ஒவ்வொரு படைக்கும் ஒரு தனி அலை. போலீஸ் பேசுவது பொம்பாவுக்குக் கேட்காது, பொம்பா பேசுவது எங்களுக்குக் கேட்காது. எங்கள் சேவைக்குள்ளேயே கிள்ளானுக்கு ஒரு அலை, கோலாலம்பூருக்கு ஒரு அலை. எங்கள் வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டால், எதிர்த் தடத்தைத் திறந்துவிடச் சொல்லி டிரைவர் என்னிடம் கேட்பார். நான் போலீஸ் நிலையத்துக்குப் போன் போடுவேன். அவர்கள் தங்கள் ரேடியோவில் ரோட்டில் நிற்கும் போலீஸ்காரரிடம் சொல்வார்கள். அவர் சொன்ன பதில் வந்த வழியே திரும்பி வரும். அதற்குள் நோயாளியே குணமாகி இறங்கி நடந்து போய்விடுவார் என்று நாங்கள் கேலி பேசிக்கொள்வோம். கேலிதான். பல நேரம் நடந்தது வேறு.

அதனால் எல்லாப் படைகளுக்கும் ஒரே ரேடியோ வருகிறது என்றதும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புது செட், புது மேசை, ஒரு பொதுச் சேனல். பெரிய விபத்து, வெள்ளம், தீ என்றால் எல்லோரும் அந்தச் சேனலுக்கு வந்துவிட வேண்டும். ஒருவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி விதிகளைச் சொன்னார். பெயர் சொல்லக் கூடாது, வண்டி எண்தான். மலாயில் பேச வேண்டும். அண்ணே, பாங், பாஸ் என்று யாரையும் கூப்பிடக் கூடாது. கேட்டது புரிந்தால் ‘தெரிமா’, புரியாவிட்டால் ‘உலாங்’, அதாவது திரும்பச் சொல். இதற்கு மேல் ஒரு சொல் வாயிலிருந்து வரக் கூடாது. எனக்கு அது பெரிய சோதனையாக இருந்தது. ஏனென்றால் நான் திட்டாமல் யாரையும் வேலை வாங்கியதில்லை.

அந்தப் புது ரேடியோவில்தான் முதன்முதலாக என் கணவரின் குரலை வேலையில் கேட்டேன். கிள்ளான் வண்டிகளும் என் மேசைக்கு வந்துவிட்டன. ‘கிள்ளான் டுவா’, அதாவது கிள்ளான் இரண்டு, என்று அவர் வண்டியின் எண்ணைச் சொல்லிக்கொண்டு ஒரு குரல் வந்தது. அடுக்களையில் தேத்தண்ணீர் கேட்கும் குரல் இல்லை அது. நிதானமாக, கனமாக, ஒரு சொல் கூட வீணாகாமல் வந்தது. பக்கத்து மேசைப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “யாருக்கா அது, நல்லா பேசுறாரே?” என்றாள். “என் வீட்டுக்காரரு லா” என்றேன். அன்றைக்கு முழுக்க என்னைக் கிண்டல் செய்தார்கள். கல்யாணமாகி அத்தனை வருஷம் கழித்து வெட்கப்பட்டது எனக்கே சிரிப்பாக இருந்தது.

அதற்கு முன்பு இடைவேளைகளில் ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்வோம். சாப்பிட்டாச்சா, எங்கே இருக்கீங்க, சாயங்காலம் மழை வரும் போல இருக்கு, இப்படித்தான். ஒரே ரேடியோ வந்த பிறகு அது தேவைப்படவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். குரல் நன்றாக இருந்தால் ஆள் நன்றாக இருக்கிறார். மூக்கடைத்திருந்தால் வீட்டுக்குப் போனதும் மிளகு ரசம். போன் பேச்சு தானாக நின்றுபோனது. யார் முதலில் நிறுத்தியது என்று கேட்டால் தெரியாது.

வீட்டிலும் பேச்சு குறைந்தது. அதற்குக் காரணம் நான்தான், அல்லது என் தொண்டை. வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறந்தால் எனக்கு ஒரு குரல் கூட வேண்டாம், என்னுடையதும் சேர்த்து. சாப்பாட்டுக்குக் கையைக் காட்டுவேன். பால் வாங்க வேண்டுமென்றால் காலிப் பையைத் தூக்கிக் காட்டுவேன். ஆபரேட்டர்கள் வீட்டில் இப்படித்தான், என் தோழிகள் வீட்டிலும் இதே கதை. புருஷன்மார்கள் சண்டை போடுவார்கள். என்னவர் போடவில்லை. அவரும் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, தமிழ்ப் படத்தின் அடியில் ஓடும் மலாய் எழுத்தைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் தலைவலிக்காகத்தான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். இப்படி ஒரு மனுஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான் என்று தோழிகளிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்த மௌன வீட்டில் அவருக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று யார் கண்டுபிடிப்பது?

ரேடியோவில் மட்டும் ஒரு மாற்றம் தெரிந்தது. அவர் ‘உலாங்’ கேட்க ஆரம்பித்தார். முதலில் என்னிடம் இல்லை, மற்ற ஆபரேட்டர்களிடம்தான். எனக்கு அதில் ரகசியமாக ஒரு திமிர். மற்றவர்கள் பல்வலிக்காரர்கள் மாதிரி வாயைத் திறக்காமல் முனகுகிறார்கள், நான் அட்சரம் பிசகாமல் பேசுகிறேன், அதனால்தான் நான் பேசினால் அவருக்கு உடனே புரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். அதை வாய்விட்டும் சொன்னேன். பக்கத்து மேசைப் பெண் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பிறகு என்னிடமும் கேட்டார். செலாயாங் மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் “உலாங்”. காப்பாரில் முதியவர் மயக்கம் என்றால் “உலாங்”. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அன்று வீட்டுக்குப் போனதும் என் மௌன விரதத்தையே உடைத்துவிட்டேன். “நான் என்ன வாயில கொழுக்கட்டையா வெச்சிக்கிட்டுப் பேசுறேன்? ஊரே கேக்குது, உங்களுக்கு மட்டும் கேக்கலையா?” என்று கத்தினேன். அவர் சிரித்தார். “செட்டு சரியில்ல மா” என்றார்.

செட் சரியில்லை என்றால் சும்மா விடுகிறவளா நான்? டெக்னீஷியனைப் பிடித்துத் துளைத்தெடுத்தேன். செட்டை மாற்றினார்கள். ஸ்பீக்கரை மாற்றினார்கள். பந்திங் பக்கம், கேரி தீவுப் பக்கமெல்லாம் செம்பனைத் தோட்டத்துக்குள் அலை சரியாக வருவதில்லை என்று ஒரு காரணம் சொன்னார்கள். அதையும் நம்பினேன். செட்டைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தோம். அதைக் கையில் வைத்திருந்த ஆளை யாரும் பார்க்கவில்லை.

ஆனாலும் வேலை எங்கேயும் தடைப்படவில்லை, அதுதான் விசேஷம். பொதுச் சேனலில் ஒரு பழக்கம் தானாக வளர்ந்திருந்தது. ஒரு வண்டி பதில் சொல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் இன்னொரு வண்டி, அது யாருடையதாக இருந்தாலும், “நான் சொல்லிவிடுகிறேன்” என்று செய்தியை வாங்கிக்கொள்ளும். விதியில் அப்படி ஒன்று இல்லை. ரோட்டில் கிடந்து பழகியவர்களின் நல்ல மனசு அது. என் கணவர் பதில் சொல்லாத நேரங்களில் ஒரு பொம்பா வண்டியோ ஒரு போலீஸ் மோட்டார் சைக்கிளோ குறுக்கே வந்து “தெரிமா, சொல்லிவிடுகிறேன்” என்பார்கள். எத்தனை ஒற்றுமை பாருங்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். போன் போட்டுப் போன் போட்டு மாய்ந்த காலத்தை நினைத்துக்கொள்வேன்.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. பந்திங்கிலிருந்து கேரி தீவுக்குத் திரும்பும் சாலையில் ரசாயனம் ஏற்றிய டாங்கி லோரி ஒன்று கவிழ்ந்துவிட்டது. எல்லோரும் பொதுச் சேனலுக்கு வந்துவிட்டோம். பொம்பா அதிகாரிதான் அங்கே பொறுப்பு. எங்கள் வண்டிகள் இரண்டு அங்கே நின்றன. காயம்பட்டவரை ஒரு வண்டியில் ஏற்றியிருந்தார்கள். என் கணவரோடு எப்போதும் போகும் உதவியாளர், அவரைவிடக் கொஞ்சம் இளையவர், காயம்பட்டவரைப் பார்த்துக்கொள்ள அந்த வண்டியில் ஏறிக் கிளம்பிவிட்டார். என் கணவர் தன் வண்டியில் தனியாக இருந்தார்; மற்ற வண்டிகளெல்லாம் அவருக்குப் பின்னால் நின்றன. நெடி வராமல் இருக்கக் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தார்.

காற்று திசை மாறியது. எல்லா வண்டிகளும் உடனே பின்வாங்க வேண்டும் என்று பொம்பா அதிகாரி உத்தரவு போட்டார். பிறகு ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டார். ஒவ்வொரு எண்ணும் “தெரிமா” என்றது. கிள்ளான் டுவா சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டார். இல்லை. வழக்கமாகக் குறுக்கே வந்து வாங்கிக்கொள்ளும் நல்ல குரல்கள் ஒன்றும் வரவில்லை. அவர்கள் எல்லோரும் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். யாருக்கும் திரும்பிப் பார்க்க நேரமில்லை.

நான் கூப்பிட்டேன். “கிள்ளான் டுவா, கிள்ளான் டுவா.” என் குரல் என்றால் எடுப்பார் என்று அப்போதும் நம்பினேன். கத்தினேன். அவருடைய கைத்தொலைபேசிக்கும் போட்டுப் பார்த்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நான் செய்ததை எங்கள் கட்டுப்பாட்டு அறையில் இன்றைக்கும் சொல்வார்கள். பொத்தானை அழுத்தி, அத்தனை படைகளும் கேட்கிற சேனலில், “என்னங்க” என்று கூப்பிட்டேன். தமிழில். “என்னங்க, வண்டியை எடுங்க. என்னங்க, கேக்குதா?”

பிறகு ஒரு போலீஸ்காரரின் குரல் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு மலாயில் பேசினார். திரும்பிப் போய் வண்டிக் கதவைத் தட்டியதாகச் சொன்னார். டிரைவருக்கு ஒன்றுமில்லை, வண்டி இப்போது நகர்கிறது. செட் வேலை செய்கிறது, சத்தம் முழுக்க ஏற்றித்தான் இருக்கிறது. டிரைவருக்குக் காது கேட்கவில்லை.

“தெரிமா” என்றார் பொம்பா அதிகாரி. ரோடு அடைத்துவிட்டது, தண்ணீர் வண்டி வந்துவிட்டது என்பதற்கெல்லாம் சொல்வது போலவே இதற்கும் ஒரு தெரிமா. பிறகு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். நானும் அடுத்த அழைப்பை எடுத்தேன். அதற்குப் பிறகு பக்கத்து மேசைப் பெண் என் மேசையையும் சேர்த்து அவளே பார்த்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ரயிலில் நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்தது. கிள்ளான் நிலையத்தில் அந்த உதவியாளர் எனக்காகக் காத்திருந்தார். “அண்ணி, கோவிச்சிக்காதீங்க” என்று ஆரம்பித்தார்.

“உங்களுக்கு எப்பலருந்து தெரியும்?”

“ரொம்ப நாளாவே தெரியும் அண்ணி. நான்தான் செட்டைக் கேட்டு அண்ணனுக்குக் கையைக் காட்டுவேன். நான் எறங்கிட்டா, பக்கத்துல நிக்கிற பொம்பாக்காரங்க லைட்டைப் போட்டுக் காட்டுவாங்க. போலீஸ்காரங்க கூடச் செய்வாங்க. அண்ணன் நல்ல மனுஷன், எல்லாருக்கும் புடிக்கும். வேலை போயிடக் கூடாதுன்னுதான்.”

“ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

அவர் என்னை உண்மையிலேயே ஆச்சரியமாகப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியாதா? நீங்க வீட்டுல இருக்கிறவங்க. நீங்க டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டு இருப்பீங்கன்னு எல்லாரும் நெனச்சிட்டோம் லா.”

எனக்கு அவர் மேல் பாய வேண்டும் போல இருந்தது. பாயவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது எனக்கு ரொம்பப் பழக்கமான தவறு. தனி அலை இருந்த காலத்தில் ஒரு செய்தி ஒருவருக்குத்தான் போகும், அவர்தான் பார்த்தாக வேண்டும், பார்க்காவிட்டால் அவரைத்தான் பிடித்து உலுக்குவோம். பொதுச் சேனலில் எல்லோர் காதிலும் விழுந்த செய்தியை யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். அதற்காகத்தான் செய்தி சொல்லும்போது இன்ன வண்டி என்று எண்ணைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று புதியவர்களுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். என் கணவரின் காது ஒவ்வொரு நாளும் பொதுச் சேனலில் உலாங் உலாங் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. போலீஸ் கேட்டது, பொம்பா கேட்டது, நான் கேட்டேன். அந்தச் செய்தி மட்டும் யார் பெயருக்கும் போகவில்லை.

காது டாக்டர் நல்ல மாதிரி. தலைக்கு மேலேயே சைரன் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியவருக்கு இது வரக்கூடியதுதான் என்றார். சத்தம் கேட்கும், ஆனால் சொல் பிரியாது. வெகுநாள் பழகிய குரலாக இருந்தால் கொஞ்சம் ஊகித்துக்கொள்ள முடியும், அதனால் வெளியே தெரியாமலே நாள் ஓடிவிடும் என்றார். போனது திரும்பாது. முன்னாலேயே வந்திருந்தால் சைரனிலிருந்து எடுத்து, இருந்ததையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார். என் தெளிவான உச்சரிப்பைப் பற்றி நான் அடித்துக்கொண்ட பெருமையெல்லாம் அந்த நாற்காலியில் எனக்கு ஞாபகம் வந்தது. நான் அட்சரம் பிசகாமல் பேசியதால் அவருக்குப் புரிந்தது என்பதில்லை. என் குரல் அவருக்கு மனப்பாடமாக இருந்தது, அவ்வளவுதான்.

மருத்துவமனை கெந்தினில் தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, அவர் எதிரில் முகத்தை நீட்டிக்கொண்டு கேட்டேன். “ஏங்க சொல்லல?”

“சொன்னா வண்டியிலருந்து எறக்கிடுவாங்க.”

“எறக்கினா எறக்கட்டுமே. வேற வேலை கிடைக்காதா? அப்படி என்னங்க அந்த வண்டியில இருக்கு?”

அவர் தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். வீட்டில் அவர் குறை என்று எதையும் சொன்னதில்லை. அன்றும் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார்.

“வண்டியில இருந்தாத்தானே நீ என்கூடப் பேசுவே. வீட்டுல பேச மாட்டியே மா.”

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாயைப் பார்க்க முடியாமல் அவர் குனிந்து என் முகத்தைத் தேடினார், நான் ஏதோ பதில் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

இப்போது அவர் ஓட்டுவதில்லை. கிளையில் ஸ்டோர் பார்த்துக்கொள்கிறார். காதில் கருவி மாட்டியிருக்கிறார். நான் இன்னும் பிரிக்பீல்ட்ஸுக்குத்தான் போகிறேன். தொண்டை காய்ந்துதான் திரும்பி வருகிறேன், ஆனால் வந்து பேசுகிறேன். ரயிலில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், எந்தக் கடையில் தோசை கல்லாகிவிட்டது, பக்கத்து மேசைப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எதையும் விடுவதில்லை. சேர்த்து வைத்தவள் மாதிரி பேசுகிறேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

போன வாரம் ஒரு நாள் பேச்சை நிறுத்திவிட்டு, “என் குரல் இப்ப நல்லாக் கேக்குதா?” என்று கேட்டேன்.

“கேக்குது மா” என்றார். பிறகு கருவியைக் காதிலிருந்து எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “நல்லா கேக்குது. ஆனா இதுல எல்லார் குரலும் ஒரே மாதிரிதான் வருது. ஒன் குரல் வரல.”